மூன்று தாராவின் கூரைக் கரி

"மதுச்சாலை. மரச்சட்டகக் கட்டடம். முன்பக்கச் சுவர் பின்னாளில் செங்கல்லால் மூடப்பட்டது. உட்பகுதி பழையதாக இருக்கக்கூடும்."

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அந்தப் பப்பைப் பற்றி நெடுங்காலம் இருந்த பதிவு இவ்வளவுதான். எழுதியவர் பப்பின் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமலே எழுதியிருப்பார் என்பது என் மேலதிகாரி மிஸ் பெத்தரிக்கின் கருத்து. "இருக்கக்கூடும்" என்ற சொல்லை அவர் சகிக்க மாட்டார். அது கட்டடத்தைப் பற்றிய செய்தி அல்ல, எழுதியவரின் சோம்பலைப் பற்றிய செய்தி என்பார்.

நான் ஓய்வுபெற்ற கட்டட அளவையாளன். லண்டனின் தென்கோடியில் ஒரு கவுன்சிலில், பழைய கட்டடங்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். அண்மையில் அந்தப் பிரிவின் இளையவர்கள் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். இப்போது அவர்களிடம் முக்காலியில் நின்று சுழலும் கருவி ஒன்று இருக்கிறது. ஓர் அறையின் அளவு முழுவதையும் அது தேத்தண்ணி ஆறுவதற்குள் எடுத்துவிடுகிறது. "உங்களுடைய காலத்தில் கருவியால் முடியாத வேலை ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார்கள். இருந்தது. ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்தக் கதையில் ஓர் ஐயர் வருகிறார், அவரை ஆங்கிலத்தில் எழுத எனக்கு வராது. மிஸ் பெத்தரிக்குக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது கூடுதல் வசதி.

ஆண்டைச் சொல்லப் போவதில்லை. கிழமையும் மாதமும் இல்லாமல் கடைச் சிட்டையைக்கூட எறிய மனம் வராத எனக்கு இது பல்வலி போன்றது. ஆனால் ஆண்டைச் சொன்னால் பப்பைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதன் பெயரையும் மாற்றி "மூன்று தாரா" என்று வைத்திருக்கிறேன், தாரா என்பது எங்கள் ஊரில் வாத்து. உண்மையான பெயரிலும் ஒரு பறவை உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பாதியில் நின்ற படவரைஞர் பயிற்சியை, ஸ்ட்ரெதத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே முடித்தேன். கவுன்சிலில் சேர்ந்த முதல் நாளில் மிஸ் பெத்தரிக் என்னிடம் சொன்னதுதான் உண்மையான படிப்பு. "மிஸ்டர் நாதன், கைகள் இரண்டையும் பொக்கற்றுக்குள் வையுங்கள். நான் சொல்லும்வரை எடுக்கக் கூடாது."

அது அவருடைய முறை. எந்தக் கட்டடமானாலும் முதலில் சுற்றிவர நடக்க வேண்டும். தொடக் கூடாது, தட்டக் கூடாது, அளவு நாடாவை நினைக்கவும் கூடாது. மழையா, நனைய வேண்டும். தொட்டவுடன் மனிதனுக்கு ஓர் அபிப்பிராயம் பிறந்துவிடுகிறது, பிறகு அதை வளர்க்கத்தான் அவன் அளவெடுக்கிறான் என்பார். சுற்றி முடித்தபின் ஒவ்வொரு சட்டத்தையும் பார்த்து ஒரே கேள்வி: இது எதற்கு முன், எதற்குப் பின்? வயதைக் கேட்கக் கூடாது. யார் முதலில் வந்தார், யார் அவர்மேல் சாய்ந்து நிற்கிறார் என்பதை மட்டும் கேட்க வேண்டும். ஆண்டுகளின்மேல் காதல் கொண்ட எனக்கு இது பெரிய தண்டனை.

அவர் சந்தோஷப்பட்டதைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம் உண்டு. கோட்டுப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ற் வாய்க்குப் போகும். மற்றபடி அந்த முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க ஏலாது.

மூன்று தாராவுக்கு வருகிறேன். ஒரு காலத்துக் கிராமம் அது, இப்போது பஸ் திரும்பும் இடம். புல்தரை, குளம், குளத்துக்கு எதிரே நீண்டு தாழ்ந்த பப். மூடிக்கிடந்த அதை அடுக்குமாடி வீடுகளாக்க ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிவபாலனும் கலாவும் குத்தகைக்கு எடுத்தார்கள். இருவரும் எங்கள் ஊர்ப்பக்கம், எனக்கு ஸ்ட்ரெதம் காலத்துப் பழக்கம். பியரை மட்டும் நம்பி இந்த நாளில் பப் நடத்த முடியாது. கலாவின் மட்டன் ரோல்ஸும் கொத்துரொட்டியும்தான் கடையைத் தூக்கி நிறுத்தின. குளத்தடி வெள்ளைக்காரர்கள் "மட்டன் ரோல்" என்பதை ஏதோ தங்கள் பாட்டன் காலத்துப் பலகாரம்போல உச்சரிக்கத் தொடங்கினார்கள்.

பிறகு பக்கத்து வீட்டார் ஒருவர் பொரிக்கும் மணத்தைப் பற்றி முறைப்பாடு செய்தார். ஒழுங்கான புகைக்குழாய் போடும்வரை பொரிக்கக் கூடாது என்று கவுன்சில் சொல்லிவிட்டது. பழைய புகைபோக்கி ஒன்றுதான், அதில் குளிர்காலம் முழுக்க விறகு எரிகிறது. ஆகவே சமையலறையிலிருந்து மேல்மாடி அறை வழியாக, கூரையின் பின்சரிவில் ஓடு தாங்கும் கைமரங்கள் சிலவற்றை வெட்டிக் குழாயை வெளியே விட அனுமதி கேட்டார்கள். கட்டடம் பட்டியலில் இருப்பதால் விண்ணப்பம் எங்கள் மேசைக்கு வந்தது.

"சான்ட்விச் வித்து இந்தக் கடை நிக்காதண்ணை," என்றான் சிவபாலன் தொலைபேசியில். "கோடைக்கு முதல் குழாய் போகாட்டில் கடைத் திறப்பைத் திருப்பிக் குடுத்திட்டுப் போறதுதான்."

அவர்களை எனக்குத் தெரியும் என்று மிஸ் பெத்தரிக்கிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தேன். இந்தக் கட்டடத்துக்கு வேறொருவரை அனுப்பலாம் என்றும் சொன்னேன். "நல்லது," என்றார். "எதை மறைக்கிறார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். முடிவு என்னுடையது, நீங்கள் ஏணியைப் பிடியுங்கள்."

பெப்ரவரி, புதன்கிழமை, தூறல். கைகள் பொக்கற்றில். சுற்றினோம். முன்சுவர்ச் செங்கல், அதற்குப் பின்னால் தோள் குனிந்த மரச்சட்டகம். முதுகு வளைந்த ஓட்டுக்கூரை. மேற்கு முனையில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, தகரம் அடித்த ஒரு சிறிய முக்கோணம். மிஸ் பெத்தரிக் அதை அண்ணாந்து பார்த்தார். உள்ளே, நெருப்படிக்கு மேலே குறுக்கு உத்தரத்தில் ஓர் ஆண்டு செதுக்கியிருக்கிறது. மூன்றாவது இலக்கத்தைச் செதுக்கியவர் இடையில் மனம் மாறியதுபோல் தெரியும். அதற்குக் கீழே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஆர்தர், வருகிற எல்லோருக்கும் அதைக் காட்டுவார். மிஸ் பெத்தரிக்குக்கும் காட்டினார்.

"செதுக்கியவருக்கு நல்ல கை," என்றார் அவர். அவ்வளவுதான். ஆர்தர் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டார்.

மேல்மாடி அறைக்குப் போனோம். அதன் உட்கூரை முந்திய குத்தகைக்காரர் காலத்திலேயே விழுந்துவிட்டது. அதனால் கைமரங்கள் அப்படியே தெரிந்தன. நடுவே குறுக்குச் சட்டத்தின்மேல் ஒற்றைத் தூண் ஒன்று. அதன் தலையிலிருந்து நான்கு பக்கமும் மரக்கைகள் வளைந்து பிரிந்தன. மிஸ் பெத்தரிக் ஒரு பெப்பர்மின்ற்றை எடுத்தார். பிறகு ரோச் லைற்றை மேலே அடித்தார். கைமரங்கள் எல்லாம் கரி. மைக்கறுப்பு. இரண்டாவது பெப்பர்மின்றும் போனது.

பல வருட வேலையில் இரண்டு நான் பார்த்ததில்லை.

அதன் பொருள் இது. புகைபோக்கி இல்லாத காலத்தில் இங்கே மேல்மாடி கிடையாது. நிலத்திலிருந்து கூரைவரை ஒரே கூடம், நடுவில் தரையிலே அடுப்பு. புகை எழுந்து கைமரங்களைக் கறுப்பாக்கும். புகைபோக்கியும் மாடியும் பின்னால் வந்தவை. ஆகவே கூரையில் கரி இருந்தால் கட்டடம் எல்லோரும் நினைத்ததைவிட மிகப் பழையது, அரியது. அப்படியான கூரையில் ஒரு கைமரத்தையும் வெட்ட விட மாட்டார்கள்.

சிவபாலனின் முகம் ரோல்ஸ் மாவைப்போல வெளிறியது.

எனக்கோ வேறொன்று. அந்தக் கரியில் நெய் மணத்தது.

"மிஸ் பெத்தரிக்," என்றேன், "இந்த அறையில் ஒரு ஹோமம் நடந்தது. நானும் வந்திருந்தேன்."

ஹோமம் என்றால் என்ன என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள்," என்றார். "பட்டியலில் உள்ள ஒரு மரக் கட்டடத்தில், முதலாம் மாடியில், பலகைத் தரையில், நெருப்பு மூட்டினீர்கள்."

"கீழே செங்கல் வைத்து," என்றேன்.

"மணலும் போட்டது மிஸ்," என்றான் சிவபாலன்.

"மணலும்," என்றார் மிஸ் பெத்தரிக், மிக மெதுவாக.

குடிபூரலுக்கு, அதாவது கடை குடிபுகும் பூசைக்கு, வந்த ஐயர், போத்தல்கள் அடுக்கிய பாருக்கு முன்னால் அக்கினி வளர்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால்தான் எல்லாம் மாடிக்குப் போனது. புகை எச்சரிக்கை மணிக்குக் கலா குளியல் தொப்பி ஒன்றைப் போட்டுவிட்டாள். ஐயர் நெய்யை ஊற்ற ஊற்றப் புகை எழுந்து, கீழே இருந்த ஆர்தர் தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார். அவர்கள் வந்து, காரணம் கேட்டு, வடை சாப்பிட்டுப் போனார்கள். இதையெல்லாம் நான் சொல்லி முடிக்குமுன் கலா அறைக்குள் வந்துவிட்டாள். அவளுக்குக் காரியம் உடனே பிடிபட்டது.

"அப்ப இது எங்கட கரி!" என்றாள். "அண்ணை, சொல்லுங்கோ அவவுக்கு. முழுக்க எங்கட கரி. பழசு ஒண்டும் இல்லை. வேணுமெண்டால் இப்பவே வாளியும் துணியும் கொண்டுவாறன்."

"நீர் கொஞ்சம் சும்மா இரும் கலா," என்றான் சிவபாலன்.

"நீங்கள் சும்மா இருந்ததாலதான் இவ்வளவும். ஐயருக்குப் போன் போடுங்கோ. அவர் சொல்லட்டும் எவ்வளவு புகையெண்டு."

வெம்பிளியில் இருந்த ஐயருக்குப் போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"புகையோ? என்ர ஹோமத்திலயோ?" என்றார். "நல்லாக் காஞ்ச சமித்து, சுத்தமான நெய். என்ர அக்கினியில புகை வாறதில்லை. ஆர் உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

"ஐயா, எல்லாருக்கும் கண்ணால தண்ணி ஓடினதே!"

"அது பக்தியம்மா."

நான் மொழிபெயர்த்தேன். மிஸ் பெத்தரிக் குறிப்பெழுதிக்கொண்டார். கலா போனை வைத்துவிட்டு, "சரி, ஆர்தரைக் கூப்பிடுங்கோ," என்றாள். ஆர்தரின் சாட்சியில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் புகையைப் பற்றி மாதக்கணக்காக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்.

ஆர்தர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கவுன்சில்காரி, கறுத்த கூரை, நடுங்கும் சிவபாலன். அவருக்குத் தெரிந்த அளவில், கலாவைத் தண்டிக்கப் போகிறார்கள். நெஞ்சை நிமிர்த்தினார்.

"புகையா?" என்றார். "ஒரு சுருட்டுப் பிடித்தால் வருமே, அவ்வளவுதான். நான் வீணாகத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டேன். முழுப் பிழையும் என்னுடையது. இந்தப் பெண்மணி ஒரு மெழுகுதிரியைக்கூடக் கவனமாகத்தான் கொளுத்துவார்."

கலா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு படி இறங்கினார். பாவம், நன்றாகத்தான் நினைத்தார்.

"சாட்சிகள் போதும்," என்றார் மிஸ் பெத்தரிக். "இனிக் கட்டடத்தைக் கேட்போம். உங்கள் புகை எங்கே போயிருக்க முடியாது?"

அதுதான் முறை. வெள்ளைத் துணியால் ஒரு கைமரத்தைத் துடைத்தார். மேலே ஒரு படை எண்ணெய்ப் பிசுக்காக வந்தது, நெய் மணத்தோடு. அடியில் இருந்தது அசையவில்லை. ஆனால் அடியில் இருப்பது கரியா, காலத்தால் கறுத்த மரமா என்று அங்கே நின்று சொல்ல முடியாது. புகைபோக்கியின் முதுகுக்குப் பின்னால், மேற்குப் பக்கக் கூரைக்குள் ஓர் ஒடுங்கிய இடைவெளி உண்டு. புகைபோக்கி கட்டிய நாளிலிருந்து அது அடைபட்டது. அதற்குப் போகும் சிறு கதவின்மேல் பூசிய வண்ண மை படைபடையாக இறுகியிருந்தது, ஹோமத்துக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை, அதற்கு வெகு முன்னரும் இல்லை. உள்ளே கைமரங்கள் மரநிறமாக இருந்தால் இங்கே இருப்பது வெறும் ஹோமக்கரி. கைமரங்களை வெட்டலாம், ரோல்ஸ் பொரிக்கலாம். உள்ளேயும் கரி என்றால் அது புகைபோக்கிக்கு முந்திய கரி. அவ்வளவுதான்.

மை உரித்துக் கதவைத் திறந்தோம். அப்போது நான் மெலிவு. வயிற்றை இழுத்துக்கொண்டு ரோச்சோடு நுழைந்தேன். கதவடியில் கலா முழந்தாளிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணை! வெள்ளையா இருக்கெண்டு சொல்லுங்கோ!"

"என்ன சொல்கிறார்?" என்று மிஸ் பெத்தரிக்கின் குரல்.

"கவனமாகப் போகச் சொல்கிறார்," என்றேன்.

ஒட்டடையை விலக்கி வெளிச்சத்தை மேலே திருப்பினேன். கைமரங்கள் பளபளவென்று, தார் பூசியதுபோல இருந்தன. விரலால் தேய்த்தேன், ஒன்றும் வரவில்லை. முகர்ந்தேன். தூசி மணம் மட்டும். வெளியே இருவரும் இரண்டு விடைக்காகக் காத்திருந்தார்கள், என்னிடம் ஒன்றுதான் இருந்தது. முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு தமிழில், "கறுப்புத்தான் பிள்ளை," என்றேன்.

நான் ஊர்ந்து வெளியே வந்தபோது கலா படியில் உட்கார்ந்து கையிலிருந்த குளியல் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொப்பியை எங்கிருந்து எடுத்தாளோ தெரியாது. சிவபாலன் பக்கத்தில் நின்றான். இப்படியான நேரத்தில் சொல்லும் வாசகம் மிஸ் பெத்தரிக்கிடம் ஒன்று இருந்தது, அனுமதி மறுக்கும் வாசகம். அதை அவர் சொல்லத் தொடங்குமுன் கலா தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டாள்.

"அண்ணை, ஒண்டு கேளுங்கோ. அந்தக் காலத்துச் சனம் கீழ அடுப்பு மூட்டினதெண்டு சொல்லுறா. சரி. கூரையை ஒருத்தரும் வெட்டேல்லை. அப்ப அவையின்ர புகை எங்கால போனது?"

மொழிபெயர்த்தேன். மிஸ் பெத்தரிக்கின் கை கோட்டுப் பைக்குள் போனது. மூன்றாவது பெப்பர்மின்ற்.

"கீழே வாருங்கள்," என்றார்.

எல்லோரும் தூறலில் மேற்கு முனையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். முகட்டுக்குக் கீழே தகரம் அடித்த அந்த முக்கோணம். கூடத்துப் புகை வெளியேற விட்ட திறப்பு அது. புகைபோக்கி வந்தபின் யாருக்கும் தேவைப்படாமல் பலகையால் அடைத்து, பின்னர் யாரோ தகரம் அடித்திருந்தார்கள்.

"இவ்வளவு நேரமும் வாசலை விட்டுவிட்டு யன்னலால் ஏறப் பார்த்தோம்," என்றார் மிஸ் பெத்தரிக். "மிஸ்டர் நாதன், கைகளை எடுக்கலாம். அளவெடுங்கள்."

அதற்குப் பிறகு நடந்தவை அவ்வளவு சுவையானவை அல்ல. தீப்பாதுகாப்புப் பிரிவு ஒருபக்கம், எங்கள் பிரிவு ஒருபக்கம். குழாய்க்குச் சுற்றிவர நெருப்புத் தாங்கும் உறை, மரத்தில் எங்கும் முட்டக் கூடாது, ஓர் ஆணியும் புதிதாக அடிக்கக் கூடாது. குழாய் முக்கோணத்துக்குள் நுழையுமா என்று நான் ஏணியில் நின்று அட்டையில் வெட்டிய வட்டத்தை வைத்துப் பார்த்த நாளில், கீழே ஆர்தர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நுழைந்தது. கைமரம் ஒன்றும் வெட்டுப்படவில்லை. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தகரம் இருந்த இடத்தில் போட்ட மரச்சலாகைகளுக்கூடாக மட்டன் ரோல்ஸ் மணம் குளத்தின் பக்கமாகப் போனது. முறைப்பாடு செய்த பக்கத்து வீட்டார் காற்று எதிர்த்திசையில் போகிறதே என்று அன்று கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார்.

நான் மட்டும் ஒன்றைக் கேட்டு நச்சரித்தேன்: ஆண்டு. மிஸ் பெத்தரிக் மனமிரங்கி, மரத்தின் வளையங்களைக் கொண்டு ஆண்டு கணிக்கும் ஒருவரை வரவழைத்தார். அவர் மெல்லிய துளையிட்டு மாதிரிகள் எடுத்துப் போனார். மரங்கள் மிக வேகமாக வளர்ந்தவை, வளையங்கள் போதாது, ஆண்டு சொல்ல முடியாது என்று பதில் வந்தது. "முன், பின்," என்றார் மிஸ் பெத்தரிக், என் முகத்தைப் பார்த்து. "அது போதும் உங்களுக்கு." உத்தரத்தில் செதுக்கியிருக்கும் ஆண்டை ஆர்தர் தொடர்ந்து காட்டுகிறார். இல்லை என்று சொல்ல இப்போது யாராலும் முடியாது.

பட்டியலின் பதிவைப் புதிதாக எழுதி அனுப்பினோம். திறந்த கூடம், கூரைத்தூண், புகைத் திறப்பு எல்லாம் உறுதியான சொற்களில். கடைசி வரியை மிஸ் பெத்தரிக் நாலுமுறை எழுதி நாலுமுறை வெட்டினார். அனுப்பியது இது: "கைமரங்களின் கீழ்ப்படைக் கரி புகைபோக்கிக்கு முந்தியது. மேற்படை அண்மைக்காலத்தது, சமயச் சடங்கு ஒன்றினால் ஏற்பட்டதாக இருக்கக்கூடும்."

அவர் கையால் அந்தச் சொல் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வேறு வழியில்லை. தன் அக்கினியில் புகை வராது என்று ஐயர் கவுன்சிலுக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். மேற்படைக் கரி, ஹோமத்தன்று மாடி மூலையில் மின்னடுப்பில் கலா பொரித்த வடையால் வந்தது என்பது அவர் வாதம். தன் எண்ணெய் ஒருநாளும் கருகியதில்லை என்பது கலாவின் வாதம். ஹோமமும் பொரியலும் ஒரே நேரத்தில் நடந்தன. அறையில் இருந்தவன் என்ற முறையில் மிஸ் பெத்தரிக் என்னைத்தான் கேட்டார். புகையில் என் கண்கள் இரண்டும் மூடியிருந்தன, கையில் வடை இருந்தது. அந்தக் கரி யாருடையது என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.